வால் துடித்த விதம்

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் சந்து முனையில் இருக்கும் காவல் ஆவியின் குட்டி வீட்டின் மேல் ஆணை. அதற்கு நான் தவறாமல் வைக்கும் சிவப்பு சோடாவின் மேல் ஆணை. ஆவிக்குத் தாகம் இல்லை என்று மாலையில் நானே முடிவுசெய்து அந்தச் சோடாவைக் குடித்துவிடும் என் வயிற்றின் மேலும் ஆணை. இதில் ஒரு வரி பொய் என்று யாராவது நிரூபித்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். அதிர்ஷ்டத்துக்காக இதுவரை நான்கு முறை மாற்றியவன், ஐந்தாவது முறைக்கும் தயங்க மாட்டேன்.

தற்போதைய பெயர் சாங். தாய்லாந்து மொழியில் யானை. மழைக்காற்று பலமாக அடித்தால் நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துப்பறியும் ராத்ரியின் உதவியாளன். அதாவது, அவளுடைய மோட்டார் சைக்கிளை ஓட்டுவேன். பேசக்கூடாத இடத்தில் பேசுவேன். அவளைவிட எனக்கு இருபது வயது கூட. இருந்தாலும் நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை மாமா என்பாள். சம்பளம் கொடுக்கிறவர் எந்த வயதிலும் அக்காதான்.

ராத்ரியின் தொழில், சின்ன வீடு வைத்திருக்கும் கணவர்களைப் பிடிப்பது. நூடுல்ஸ் கடையில் ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைச் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தே, கட்டிய ஜோடியா கள்ள ஜோடியா என்று சொல்லிவிடுவாள். மீன் உருண்டையை எடுத்து எதிரில் இருப்பவரின் கிண்ணத்தில் போட்டால் கள்ள ஜோடி. எதிரில் இருப்பவரின் கிண்ணத்திலிருந்து எடுத்துத் தின்றால் கட்டிய ஜோடி.

அந்தப் புகழைக் கேட்டுத்தான் பாங்காக்கை ஒட்டிய நோந்தபுரியிலிருந்து கோமின் கூப்பிட்டான். அவனிடம் ஒரு ஜோடி இருந்தது. அந்த ஜோடியில் ஒன்று செத்துப்போயிருந்தது. கொலையா, கொஞ்சலில் வந்த விபத்தா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"சரி, புருஷன் செத்தானா, பொண்டாட்டியா?" என்று ராத்ரி கேட்டாள்.

"பொண்டாட்டி. வெள்ளைப் பல்லி" என்றான் கோமின்.

நாங்கள் அலுவலகப் படி இறங்கும்போது சுவரில் இருந்த பல்லி கத்தியது. கிளம்பும்போது பல்லி கத்தினால் எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடுவோம்.

"அக்கா, சகுனம் சரியில்ல."

"பல்லி கேசுக்குப் போறோம் மாமா. அதுக்கு விஷயம் தெரிஞ்சு துக்கம் விசாரிக்குது. வண்டியை எடுங்க."

சுவர்ப் பல்லிகளின் அறிவைப் பற்றி அவளுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. என் பழைய வீட்டுக் கூரையில் 'துக்கே, துக்கே' என்று கத்தும் ஒரு பெரிய பல்லி இருந்தது. வாசலுக்கு வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒருமுறை மின்வாரியக்காரரைத் தவறான பெயரில் கூப்பிட்டது. அவர் மறுநாளே அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெயருக்கு மாறிக்கொண்டார்.

கோமினின் வீடு கால்வாய் ஓரத்தில் இருந்தது. வாசலிலேயே ராத்ரி நின்றுவிட்டாள். அந்த வீட்டின் காவல் ஆவிக்கு யாரோ பெரிய விருந்து வைத்திருந்தார்கள். புது மல்லிகை மாலை, உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா பாட்டில்கள், ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு ஜோடி சுதைச் சேவல்கள். சேவல்களின் கொண்டையில் வண்ணம்கூட முழுதாகக் காயவில்லை.

"இது வேண்டுதல் பலிச்சவங்க வைக்கறது" என்றாள் ராத்ரி.

கோமின் கதவைத் திறந்தான். முந்தின வாரம் வரை காவி உடையில் இருந்தவன். இறந்த அப்பாவின் புண்ணியத்துக்காக ஏழு நாள் பிக்குவாக இருக்கிறேன் என்று கோவிலுக்குப் போனவன், மனதுக்குப் பிடித்துப்போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தான். மொட்டைத் தலை. வழக்கப்படி புருவத்தையும் மழித்திருந்தார்கள். புருவம் இல்லாத மனிதனோடு பேசுவது சிரமம். கோபப்படுகிறானா, ஆச்சரியப்படுகிறானா, தும்மப்போகிறானா என்று தெரியாது.

"அந்தச் சேவலைப் பாத்தீங்களா அக்கா? என் ஃபாய் செத்த சந்தோஷத்துல என் பொண்டாட்டி வச்சது. இதைவிடச் சாட்சி வேணுமா?"

"அவங்க வச்சதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? நான் வைக்கல. வேற யாரு?"

உள்ளே ஒரு குளிரூட்டிய அறை. சுவர் முழுக்கச் சிறிய கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறுத்தைப் பல்லி, இமையுள்ள கண்ணை மெதுவாக மூடித் திறந்தபடி எங்களைப் பார்த்தது. சுவர்ப் பல்லி மாதிரி இவை ஓடாது, ஏறாது. வாடகைக்கு வீடு பார்க்க வந்த பெரிய மனிதர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

கோமின் விஷயத்தைச் சொன்னான். ஃபாய் என்றால் பஞ்சு. புள்ளி குறைந்த வெள்ளைப் பெண். அந்த நிறத்தைக் கொண்டுவர அவனும் மனைவி லமாயும் ஆறு வருடம் ஜோடி சேர்த்திருந்தார்கள். ஃபாய்க்கு ஜோடியாக ஸுவா என்ற ஆணை வைத்திருந்தார்கள். ஸுவா என்றால் புலி. கோமின் கோவிலில் இருந்தபோது லமாய் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டு, ஒரு புனித நாளில் தன் அம்மா ஊர்க் கோவிலுக்குப் போய்விட்டாள். மறுநாள் திரும்பி வந்தபோது ஃபாய் வாலை உதிர்த்துவிட்டுச் செத்துக் கிடந்தது.

"கோவில்ல நான் கூட நாள் தங்கினதுல அவளுக்கு ஆத்திரம். அதான் ரெண்டையும் விட்டுட்டு வேடிக்கை பாத்துட்டுப் போயிருக்கா. அது கூடல் இல்ல, சண்டைன்னு அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் வராங்க. அவ வேணும்னே செஞ்சான்னு நீங்க சொன்னாப் போதும், வெறுங்கையோட அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன். இல்லேன்னா இந்த அறையில பாதி அவளுது, வீட்டுலயும் இருப்பா."

"நான் சொன்னா உங்க பெரியவங்க கேப்பாங்களா?"

"எங்க பெரியப்பாவோட சின்ன வீட்டைக் கண்டுபிடிச்சதே நீங்கதான் அக்கா. உங்க பேர் சொன்னாலே பெரியம்மா எழுந்து நிப்பாங்க."

ராத்ரி கைகட்டி நின்றாள். "பல்லிகள்ல கூடலுக்கும் சண்டைக்கும் என்ன வித்தியாசம் தம்பி? எனக்கு மனுஷங்களைத்தான் தெரியும்."

பல்லியைப் பற்றிப் பேச்சு வந்ததும் கோமின் மனிதனாகிவிட்டான். "கூடணும்னு வந்தா ஆண் வால் நுனியைத் துடிக்க விடும். மேஜை மேல கைபேசி அதிருமே, அது மாதிரி. சத்தமே கேக்கும். அப்பறம் பின்கழுத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். கழுத்துல காயம் இருந்தா பயப்பட வேணாம். சண்டைன்னா வேற. நாலு காலையும் விறைச்சு, முதுகை மேல தூக்கி, வாலைப் பூனை மாதிரி மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டும். அப்பறம் வயிறு, கால், வால்னு எங்க வேணாலும் கடிக்கும்."

"எங்க தொழில்ல தலைகீழ்" என்றேன் நான். "சண்டைன்னாத்தான் கழுத்தைப் பிடிப்பாங்க."

ஃபாயைக் காட்டச் சொன்னாள் ராத்ரி. ஃபிரீசரில் மீன் உருண்டைப் பொட்டலத்துக்கும் பனிக்கட்டித் தட்டுக்கும் நடுவில், வாழையிலையில் சுற்றி வைத்திருந்தான். பிரித்தான். வெள்ளைப் பல்லி, முதுகில் லேசாக வெள்ளைப் பொடி. பின்கழுத்தில் ஒரு கடி. வயிற்றில் மூன்று நான்கு கடி. ஒரு முன்னங்கால் கிழிந்திருந்தது.

"ரெண்டும் இருக்கு" என்றாள் ராத்ரி. "முதல்ல கொஞ்சல், அப்பறம் கடி. கல்யாணம் மாதிரி."

"இந்தப் பொடி?" என்று நான் கேட்டேன்.

"சுண்ணாம்புச் சத்துப் பொடி மாமா. புழுவுல தூவிக் குடுப்போம்" என்றான் கோமின்.

ராத்ரி இலையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என் மூக்கருகே கொண்டுவந்தாள். மீன் உருண்டை வாசனை. அதற்கு அடியில், வேறொன்று. நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

லமாய் பின்கட்டில் புழுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"புருஷன் பணம் குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆள்தானே நீங்க? உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

நான் சாப்பிடவில்லை என்று உடனே சொன்னேன். ராத்ரி சாப்பிட்டோம் என்று சொன்னாள். லமாய் எனக்கு மட்டும் ஒட்டரிசியும் வறுத்த பன்றியும் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் குற்றவாளியாக இருக்க முடியாது என்பது என் கட்சி.

"ஸுவா வாலை எப்படி ஆட்டினான்னு காட்டும்மா" என்றாள் ராத்ரி.

லமாய் ஆள்காட்டி விரலை நீட்டினாள். விரல் நுனி மட்டும் கிடுகிடுவென நடுங்கியது. தட்டின் விளிம்பில் பட்டு டர்ரென்று சத்தம் வந்தது. "இப்படித்தான் அக்கா. அவ முகத்தை நக்கினான், வால் துடிச்சுது. அப்பறம் கழுத்தைப் பிடிச்சான். சரி, எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு விளக்கை அணைச்சுட்டுக் கிளம்பினேன். என் கையால பொரிச்ச பொண்ணு அது. அதைச் சாகவிட்டுட்டுக் கோவிலுக்குப் போவேனா?"

"அவர் இல்லாதப்ப எதுக்கும்மா சேத்து விட்டே?"

"அவரைக் கேட்டுத்தான் விட்டேன்."

ராத்ரியின் புருவம் உயர்ந்தது. அந்த வீட்டில் புருவத்தின் அருமை அப்போதுதான் புரிந்தது.

"தினமும் காலையில பிட்சைக்கு வருவார். நான் முட்டி போட்டுப் பாத்திரத்துல சோறு போடுவேன். காவி கட்டினவர்கிட்ட பொண்டாட்டி என்ன பேச முடியும்? ஒரு நாள் மட்டும் கேட்டேன். 'சாமி, ஃபாய் பருவத்துக்கு வந்துட்டா, ஸுவாவோட விடட்டுமா?' பேசாம நின்னார். சோத்தை வாங்கினார். போய்ட்டார்."

"பேசாம இருந்தா?"

"சாமிங்க பேசாம இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம். நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா, பேசாம இருந்தா வருவாங்கன்னுதானே சமைக்கிறோம்?" லமாய் தட்டைக் கவிழ்த்தாள். "அவர் காவி கட்டறதுக்கு முன்னாடியும் அப்படித்தான் அக்கா. ஆறு வருஷமா அவர் பேசாததுக்கு நான்தான் அர்த்தம் கண்டுபிடிக்கிறேன்."

"வாசல்ல அந்தச் சேவல்?"

"அது அவர் வச்சது. கோவில்லேர்ந்து வந்த சந்தோஷம் போல. பல்லி செத்து நாலு நாள்கூட ஆகல, சேவல் வாங்கிட்டு வந்திருக்கார். நான் கேக்கல."

அறைக்குத் திரும்பினோம். ராத்ரி நேராகக் கேட்டாள். "தம்பி, உங்க மனைவி பிட்சை போடறப்ப உங்களைக் கேட்டாங்களாமே?"

கோமின் தரையைப் பார்த்தான். "கேட்டா. நான் எப்படி அக்கா பதில் சொல்றது? பிக்கு ஜோடி சேத்து வைக்கிற வேலை பண்ணக்கூடாது. பெரிய குற்றம். கல்யாணத் தரகு மாதிரி."

"அது மனுஷங்களுக்கு இல்லையா?"

"அப்பறம் குருகிட்ட கேட்டேன். மனுஷங்களுக்குத்தான்னார். எனக்கு அப்பத் தெரியாது. எதுக்கு வம்புன்னு வாயை மூடிட்டேன். 'வேணாம்'னுதான் மனசுல சொன்னேன்."

"மனசுல சொன்னது சோத்துப் பாத்திரத்துக்கு இந்தப் பக்கம் கேக்கல போலிருக்கு" என்றேன்.

ராத்ரி ஸுவாவின் தொட்டி முன்னால் குனிந்தாள். தடித்த தலை, தடித்த கழுத்து, எங்களை அற்பமாகப் பார்த்தது.

"இது ஆண்தானா?"

கோமினுக்குச் சுருக்கென்றது. "அக்கா, பன்னெண்டு வருஷமா இதான் என் வேலை. இதை உச்சச் சூட்டுல வச்சுப் பொரிச்சேன். சூடு குறைஞ்சா பொண்ணு, கூடினா ஆண். ரொம்பக் கூடினா திரும்பவும் பொண்ணுன்னு சிலர் கதை விடுவாங்க. அந்த வருஷம் முட்டைப் பெட்டி கொதிச்சுது. இதைவிட ஆம்பளையான ஆம்பளை இந்த ஊர்ல கிடையாது. பாருங்க." பல்லியைக் கண்ணாடிக் குவளையில் விட்டு அடியிலிருந்து காட்டினான். பின்னங்கால்களுக்கு நடுவே அம்பு முனை மாதிரி ஒரு புள்ளி வரிசை. எனக்கு அது மங்கலாகத் தெரிந்தது. எனக்கு எல்லாமே மங்கலாகத்தான் தெரியும்.

"எதிர்ல இருக்கறது ஆணா பொண்ணான்னு இதுக்கு எப்படித் தெரியும்? அதுவும் குவளையில விட்டுப் பாக்குமா?"

"தோல் வாசனை. நாக்கால நக்கிப் பாக்கும். பொண்ணு வாசனை வந்தா வால் துடிக்கும். அந்த வாசனை இல்லேன்னா எதிரின்னு முடிவு பண்ணிடும். தோல் உரிக்கற நேரத்துல பொண்ணை விட்டா அடிச்சுக்கூடப் போடும். தோல் உரிஞ்சு முடிஞ்சதும் அதே பொண்ணுகிட்ட வாலைத் துடிக்க விட்டுட்டு வரும்."

"அடக் கடவுளே" என்றேன். "சோப்பை மாத்தினா குடும்பமே போச்சு."

நான் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல நகைச்சுவைகளைச் சொல்லியிருக்கிறேன். ராத்ரி எதற்கும் சிரித்ததில்லை. இதற்கும் சிரிக்கவில்லை. ஆனால் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, அந்த இலையில மீன் உருண்டைக்கு அடியில என்ன வாசனை அடிச்சுது?"

"கற்பூரமும் புதினாவும். வேர்க்குருவுக்குப் போடற குளிர்ச்சிப் பவுடர். டப்பாவைத் திறந்தா மூக்குல ஜில்லுன்னு ஏறுமே."

"தம்பி, உங்க வீட்டுல அந்தப் பவுடர் யார் போடறது?"

"யாரும் இல்ல. பிக்குவா இருக்கறப்ப பவுடர் தொடக்கூடாது. லமாய்க்கு அது ஒத்துக்காது, தடிச்சுடும்." கோமின் விழித்தான். "அப்ப அது சுண்ணாம்புப் பொடி இல்லையா?"

"இல்ல. ஒரு பல்லி முதுகுல பவுடர் தேய்க்கறது எந்த ஊர்ல எந்த மனுஷன் பண்ணுவான்? எதுக்குப் பண்ணுவான்?"

இதைத் தாய்லாந்தில் பிறந்த கைக்குழந்தையிடம் கேட்டாலும் பதில் வரும். லாட்டரி. ரெட்டை வால் பல்லி, வளைந்த வாழைப்பூ, விழுந்த மரம், எது கிடைத்தாலும் பவுடர் தூவித் தேய்த்து, தெரிகிற கோடுகளில் எண் படித்து, சீட்டு வாங்குவோம். நானே ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்தபோது என் முதுகில் பக்கத்து வீட்டார் எண் படித்திருக்கிறார்கள். அது பரிசும் பெற்றது. எனக்கு ஒரு காசு தரவில்லை.

"எண் விழுந்திருக்கு" என்றாள் ராத்ரி. "விழுந்ததுக்குத்தான் வாசல்ல சேவல். நீங்க அவங்க வச்சதா நினைச்சீங்க. அவங்க நீங்க வச்சதா நினைச்சாங்க. ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருந்தா எனக்கு இந்த வெயில்ல வேலை மிச்சம். லமாய், ஊருக்குப் போறப்ப சாவியை யாருகிட்ட குடுத்தே?"

எங்கள் பின்னாலேயே வந்து அறை வாசலில் நின்றுகொண்டிருந்த லமாய் எதிர்வீட்டுப் பக்கம் பார்த்தாள். "மின்சாரம் போனா ஜெனரேட்டரைப் போடணும்னு பிகுன் அத்தைகிட்ட."

பிகுன் அத்தையைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எங்கள் வண்டி வந்ததிலிருந்தே அவள் வேலியோரத்தில் ஒரே கீரைச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து கழுத்து வரை வெள்ளையாகக் குளிர்ச்சிப் பவுடர். அவள் அறைக்குள் வந்ததும் இருமல் வந்தது எனக்கு.

"அத்தை, கடைசி ரெண்டு எண் என்ன?" என்றாள் ராத்ரி, நலம் விசாரிப்பது போல.

"நாப்பத்தேழு" என்றாள் அத்தை மலர்ந்துபோய். பிறகுதான் வாயை மூடினாள்.

லமாய் சுவரில் சாய்ந்தாள்.

"பொண்ணே, நான் ஒண்ணும் பண்ணல" என்றாள் அத்தை. "தொட்டியில ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வெள்ளையை மட்டும் மெதுவாப் பிரிச்சு எடுத்தேன். முதுகுல ரெண்டு சிட்டிகைதான் போட்டேன். நாலும் ஏழும் என்ன தெளிவாத் தெரிஞ்சுது! அப்பறம் அதே இடத்துல விட்டுட்டேன். திருடலையே."

"ஒட்டிக்கிட்டுன்னா? கட்டிப் பிடிச்சிருந்துச்சா, கடிச்சிருந்துச்சா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நானும் என் வீட்டுக்காரரும்கூட அப்படித்தான் இருந்தோம். தூரத்துலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்."

ராத்ரி அத்தையின் கன்னத்தில் விரலை ஓட்டி, ஒட்டிய பவுடரை என் விரலில் தேய்த்தாள். "மாமா, விரலை ஸுவா தொட்டியில விடுங்க."

"அக்கா, எனக்கு இருக்கறது பத்துதான்."

"விடுங்க."

விட்டேன். ஸுவா வந்தது. நாக்கை நீட்டி விரலை நக்கியது. நான்கு கால்களையும் விறைத்து, முதுகைத் தூக்கி, வாலைப் பூனை மாதிரி மெதுவாக ஆட்டியது. பிறகு கடித்தது. நான் போட்ட சத்தத்தில் சுவர்த் தொட்டிகளில் இருந்த எல்லாப் பல்லிகளும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டன.

"முடிஞ்சுது" என்றாள் ராத்ரி. "முதல்ல பொண்ணு வாசனை, வால் துடிச்சுது, கழுத்தைப் பிடிச்சுது. லமாய் பாத்தது அதைத்தான். அவங்க சொன்னது நிஜம். அப்பறம் அத்தை பவுடர் போட்டாங்க. பொண்ணு வாசனை போச்சு. எதிர்ல யாரோ அந்நியன்னு அடிச்சுடுச்சு."

"பவுடர் போடாத விரலையும் கடிக்குமான்னு பாத்துடலாமே அக்கா" என்றேன் வலியோடு.

"தாராளமா. இன்னொரு விரலைக் குடுங்க."

கொடுக்கவில்லை. இந்த வழக்கின் விஞ்ஞானம் அதோடு நின்றது.

கோமினின் மொட்டைத் தலை வரை சிவந்தது. "என் வீட்டுல புகுந்து என் பல்லியைக் கொன்னுட்டுச் சேவலா வைக்கிறீங்க? ஊர்ல எத்தனை மரம், எத்தனை மாடு இருக்கு, என் ஃபாய் முதுகுதான் கிடைச்சுதா? யார் சொன்னாங்க உங்களுக்கு அதுல எண் இருக்குன்னு?"

அத்தை நிஜமான ஆச்சரியத்தோடு அவனைப் பார்த்தாள்.

"நீங்கதானே சாமி சொன்னீங்க?"

அத்தை அவன் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள்.

"பிட்சை போடறப்ப கேட்டேனே. 'சாமி, ஏழைக் கிழவிக்கு ஒரு எண் சொல்லுங்க'ன்னு. மத்தச் சாமிங்க முன்னாடி போனப்பறம் நின்னு, சிரிச்சுட்டு, 'எங்க வீட்டு வெள்ளைக்காரி முதுகைப் பாருங்க அத்தை'ன்னீங்களே. அதுக்காகத்தானே நான் சாவி எப்ப கிடைக்கும்னு காத்திருந்தேன்!"

"அது... சும்மா விளையாட்டுக்கு... ஃபாய் ஞாபகம் வந்துச்சு, அதான்..." என்றான் கோமின். அவன் முகத்தில் இப்போது என்ன இருந்தது என்று சொல்லப் புருவம் தேவைப்படவில்லை.

ராத்ரி மெதுவாகக் கேட்டாள். "பிக்கு லாட்டரி எண் சொல்லலாமா தம்பி?"

"கூடாது."

"அது தெரியுமா?"

"தெரியும்."

லமாய் சுவரிலிருந்து விலகினாள். குரலை உயர்த்தவில்லை. "நான் மண்ணுல முட்டி போட்டுக் கேட்டேன். விரதம் கெட்டுடும்னு என்கிட்ட வாயைத் திறக்கல. அடுத்த வாசல்ல நின்னு சிரிச்சுப் பேசியிருக்கீங்க."

"லமாய், ஒரு வார்த்தைதானே..."

"எனக்கு அந்த ஒரு வார்த்தை வரலையே. 'வேணாம்'னு ஒண்ணு சொல்லியிருந்தா ஃபாய் இருந்திருக்கும்." அவள் ராத்ரியிடம் திரும்பினாள். "அக்கா, சனிக்கிழமை வந்து பெரியவங்க முன்னாடி இதையே சொல்லுவீங்களா?"

"சொல்றேம்மா. பணம் அவர்கிட்ட வாங்கினாலும்."

சனிக்கிழமை போனோம். ராத்ரி பெயரைக் கேட்டதும் பெரியம்மா எழுந்து நின்றாள். பெரியப்பா உட்கார்ந்தபடியே சுருங்கினார். ராத்ரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சாட்சியாக என் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினேன். பெரியவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஸுவா செய்தது கூடல். பவுடர் வந்தபிறகுதான் சண்டை. லமாய் மேல் ஒரு தூசு குற்றமும் இல்லை. நல்லபடியாக முடிந்தது, சாப்பிடலாம் என்றார்கள். கோமின் எல்லார் முன்னாலும் மனைவியைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். நான் பார்த்த மன்னிப்புகளில் அது மோசமானதில்லை.

லமாய் அதை வாங்கிக்கொண்டாள். பதிலுக்குக் கும்பிட்டாள். பிறகு எழுந்துபோய்த் தன் பங்குத் தொட்டிகளைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ஏம்மா, தப்பில்லன்னுதான் ஆயிடுச்சே?" என்றார் பெரியப்பா.

"வெளியாள் வந்து, மாமா விரலைக் குடுத்து நிரூபிச்சப்பறம்தான் ஆச்சு பெரியப்பா. அடுத்த தடவை நிரூபிக்க எத்தனை விரல் ஆகுமோ."

வெள்ளை வம்சத்துப் பெண் குட்டிகளை எல்லாம் துணி சுற்றிய டப்பாக்களில் அடுக்கி, தன் தம்பியின் பிக்கப் வண்டியில் ஏற்றினாள். நானும் தூக்கினேன், ஒன்பது விரலால். கடைசியில் ஸுவாவின் தொட்டி மட்டும் அலமாரியில் இருந்தது. கோமின் அதை எடுத்து அவளிடம் நீட்டினான். அவனால் நீட்ட முடிந்தது அதுதான்.

"வேணாம்" என்றாள் லமாய். "இந்த வீட்டுல ஒழுங்கா நடந்துக்கிட்ட ஒரே ஆம்பளை அது. உங்களுக்குத் துணைக்கு இருக்கட்டும்."

வண்டி கால்வாய்ப் பாலத்தில் ஏறி மறைந்தது. ராத்ரி என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பாங்காக் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, நான் வழியில் நூடுல்ஸ் கடையில் நிறுத்தினேன். தன் கிண்ணத்தை அவள் தொடவே இல்லை. அதிலிருந்த மீன் உருண்டைகளையும் நானே தின்றேன்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், தனியாக இருந்த தொட்டியில், ஸுவா இரண்டு முட்டை இட்டது.